உடலுக்குள் ஒரு கரை

நுழையும்முன்

ஆடிப்பெருக்கில் புதுப்புனலை வணங்கும் காவிரிப் படுகை மக்கள், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே ஆற்றின் கரையை இரவெல்லாம் விழித்திருந்து காப்பர். பெருகிவரும் வெள்ளத்தை இல்லாமற் செய்ய எவராலும் இயலாது. அதனைக் கரைக்குள் நிறுத்தி வைக்க இயலும். காசநோய்க் கிருமி புகுந்த மனித உடலும் பெரும்பாலும் இதனையே செய்கிறது. அங்கே கரையாக எழுந்து நிற்பவை உயிருள்ள செல்கள். அவை எவ்வாறு ஒன்றுகூடுகின்றன, எப்போது வலுவிழக்கின்றன, அவற்றுக்கு மனிதர் செய்யக்கூடிய உதவி யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கும்பகோணமும் சேத்துப்பட்டும்

கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை சென்ற கணித மேதை இராமானுஜன், 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டார். மருத்துவர்கள் அதனைக் காசநோய் எனக் கருதினர். நலவாழ்வு இல்லங்களில் தங்கவைக்கப்பட்ட அவருக்கு ஓய்வும் தூய காற்றும் நல்லுணவுமே மருந்தாயின. 1919இல் தாயகம் திரும்பிய அவர், காவிரிக்கரை ஊரான கொடுமுடியிலும் பின்னர்க் கும்பகோணத்திலும் தங்கினார். உடல் தேறவில்லை. சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவரை வாட்டியது காசநோய் அன்று, அமீபாவால் உண்டான கல்லீரல் நோயே எனப் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். நோய் எதுவாயினும், அவருக்கு அளிக்கப்பட்டது அக்காலக் காச மருத்துவமே.

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் நுண்ணுயிரியைச் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்றே உலகுக்கு அறிவித்துவிட்டார். எனினும் அதனைக் கொல்லும் மருந்து கிடைப்பதற்கு 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நோயாளிகளுக்காக ஊருக்கு வெளியே, காற்றோட்டமான மேட்டுநிலங்களில் மருத்துவமனைகள் எழுப்பப்பட்டன. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய காச மருத்துவமனையின் நினைவு, இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் தொடர்வண்டி நிலையப் பெயரில் வாழ்கிறது. தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில், நெல்வயல்கள் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் செங்கிப்பட்டியிலும் ஒரு காசநோய் மருத்துவமனை உண்டு.

மருந்தில்லாத அந்நாளிலும் நோயுற்றோர் அனைவரும் மாண்டுவிடவில்லை. சிலர் தாமே நலமடைந்தனர். கிருமி புகுந்தும் நோயே காணாமல் முதுமை வரை வாழ்ந்தோர் பலர். அவர்களைக் காத்தது எது? இவ்வினாவுக்கான விடை நுரையீரலின் உள்ளே இருக்கிறது.

முதற் காவலர்

காசநோயாளி ஒருவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நீர்த்திவலைகள் காற்றில் கலக்கின்றன. பெரிய திவலைகள் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். மிக நுண்ணியவை மட்டும் மூச்சுக் குழல்களின் வழியே இறங்கி, நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடையும். உயிர்வளியைக் குருதிக்குக் கைமாற்றும் இந்நுண்ணறைகள் மெல்லிய சுவரால் ஆனவை. ஆதலின் அவற்றுக்குத் தனிக்காவல் தேவைப்படுகிறது.

அக்காவலை ஏற்றிருப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள். புகுந்த தூசியையும் கிருமியையும் சூழ்ந்து விழுங்குவது இவற்றின் தொழில். விழுங்கப்பட்ட கிருமி, செல்லினுள் ஒரு சிறு பையில் அடைபடும். செரிமான நொதிகள் நிறைந்த வேறொரு பை அதனோடு இணையும். அமிலமும் நொதிகளும் கிருமியைச் சிதைத்துவிடும். செல்கள் இவ்வாறு கிருமிகளை விழுங்கிக் காக்கும் முறையை ஆராய்ந்து விளக்கிய உருசிய அறிஞர் மெச்னிகாஃப் 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

பிற கிருமிகள் பல அழிந்துபோகும் இவ்விடத்தில் காசக்கிருமி பிழைத்துக்கொள்கிறது. அதன் மேலுறை மெழுகு போன்ற கொழுப்பு அமிலங்களால் ஆனது, எளிதில் கரையாதது. மேலும், தான் அடைபட்ட பையோடு நொதிப்பை இணையாதவாறு தடுக்கும் பொருள்களை அக்கிருமி சுரக்கிறது. விழுங்கிய செல்லே அதற்கு வாழிடமாகிறது. ஈ.கோலை என்னும் குடல் நுண்ணுயிரி உகந்த சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். காசக்கிருமி ஒருமுறை பெருக ஏறத்தாழ 20 மணிநேரம் எடுத்துக்கொள்ளும். இம்மெதுவான வளர்ச்சியால் உடல் அதன் வருகையை உடனே உணர்வதில்லை.

செய்தி சென்று சேர்தல்

நண்டு துளைத்த வளை வழியே வரப்பில் நீர் கசிவதை முதலில் கண்டவர், ஊருக்குள் ஓடிச் சென்று ஆளைத் திரட்டுவார். நுரையீரலில் இப்பணியைச் செய்பவை டென்ட்ரைட்டிக் செல் எனப்படும் கிளைச்செல்கள். கைகளைப் போன்ற நீட்சிகளை உடைய இவை, கிருமியின் புரதத் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, நிணநீர் நாளங்கள் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கின்றன.

நிணநீர்க் கணுவில் டி செல்கள் திரண்டுள்ளன. மார்பெலும்பின் பின்னே அமைந்த தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைவதால் அவற்றுக்கு அப்பெயர் அமைந்தது. ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட புரதத் துணுக்கை மட்டுமே அடையாளம் காணவல்லது. கிளைச்செல் ஏந்திவந்த துணுக்குக்குப் பொருத்தமான டி செல் அதனைச் சந்தித்ததும் விழிப்புற்று, பன்முறை பிளந்து, பல்லாயிரமாகப் பெருகும். பின்னர் அப்படை குருதியின் வழியே நுரையீரலுக்குப் புறப்படும்.

காசநோயின் போக்கை முடிவு செய்வதில் இப்பயணத்திற்குப் பெரும்பங்கு உண்டு. சளிக்காய்ச்சல் போன்ற தொற்றுகளில் சில நாள்களில் நிகழ்வது, காசத்தொற்றில் சில வாரங்கள் பிந்துகிறது. கிருமி மெதுவாக வளர்வதும், கிளைச்செல்களின் பயணத்தை அது தாமதப்படுத்துவதும் இதற்குக் காரணங்கள். டி செல்கள் வந்து சேர்வதற்குள் கிருமி நுரையீரலில் வேரூன்றிவிடுகிறது.

குருதியில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் பல நோய்களில் முதன்மைப் படைக்கலமாக விளங்குபவை. காசக்கிருமியோ செல்லுக்குள் ஒளிந்திருப்பது. வெளியே உலவும் எதிர்ப்பொருள்களால் அதனை எளிதில் எட்ட முடியாது. எனவே இந்நோயில் செல்களின் நேரடிச் செயலே பெரிதும் தேவைப்படுகிறது.

கரை எழுகிறது

நுரையீரலை அடைந்த டி செல்களுள் சிடி4 எனப்படும் உதவி டி செல்கள், இன்டர்ஃபெரான் காமா என்னும் செய்திப்பொருளைச் சுரக்கின்றன. அதனைப் பெற்ற பெருவிழுங்கு செல்கள் புத்தாற்றல் பெறுகின்றன. தடைபட்டிருந்த நொதிப்பைகள் மீண்டும் இணைகின்றன. கிருமியைத் தாக்கும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன. முன்னர் கிருமிக்குப் புகலிடமாயிருந்த செல்லே இப்போது அதன் பகையாகிறது. சிடி8 எனப்படும் மற்றொரு வகை டி செல்கள், கிருமி பெருகிக் கிடக்கும் செல்களை நேரடியாக அழிக்கின்றன.

இத்தனைக்குப் பின்னும் எல்லாக் கிருமிகளும் மடிவதில்லை. எஞ்சியவற்றைச் சுற்றிப் பெருவிழுங்கு செல்கள் நெருக்கமாக அணிவகுக்கின்றன. சில ஒன்றோடொன்று இணைந்து பேருருச் செல்களாகின்றன. அவற்றைச் சூழ்ந்து டி செல்களும் பி செல்களும் வளையமிடுகின்றன. வெளிப்புறத்தில் நார்த்திசு படிகிறது. இவ்வமைப்புக்குக் கிரானுலோமா என்று பெயர். டியூமர் நெக்ரோசிஸ் காரணி என்னும் மற்றொரு செய்திப்பொருள் இச்செல்களை ஒன்றாகப் பிணைத்து நிறுத்த உதவுகிறது.

மண்ணால் எழுப்பிய கரையோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றங்கரையின் மண் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கிரானுலோமாவில் உள்ள செல்கள் நாள்தோறும் மடிந்துகொண்டும், புதியவை வந்து இடம் நிரப்பிக்கொண்டும் இருக்கின்றன. காவலர் மாறினாலும் காவல் நீங்காதவரை கிருமி வெளியேறுவதில்லை. இந்நிலையே உறங்குநிலைக் காசத்தொற்று எனப்படுகிறது. இத்தகையோர்க்கு இருமல் இராது, காய்ச்சல் இராது, அவர்களிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதும் இல்லை. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காசத்தொற்றுக்கு ஆளானவர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் வாழ்நாளில் நோயாளி ஆவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. மற்றவர்களை அவர்களின் செல்களே காத்துவிடுகின்றன.

தெரியுமா?
காசத்தொற்றை அறிய முன்கையின் தோலில் டியூபர்குளின் புரதம் செலுத்தப்படும். முன்பே காசக்கிருமியை அறிந்த நினைவு டி செல்கள் அவ்விடத்தில் வந்து கூடுவதால், 48 முதல் 72 மணிநேரத்துக்குள் தோல் தடித்து எழும். இதுவே மாண்டூ சோதனை. தொற்று உண்டா என்பதை இது காட்டும். நோய் உண்டா என்பதைத் தனித்துக் காட்டாது. பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவர்க்கும் தோல் தடிப்பது உண்டு.

உடைப்பு

கரை உடைவதற்கு வெள்ளம் மிகுவது ஒரு காரணம். கரை மெலிவது மற்றொன்று. உறங்கும் தொற்று நோயாக மாறும்போது பெரும்பாலும் இரண்டாவதே நிகழ்கிறது.

எச்.ஐ.வி. சிடி4 செல்களையே தாக்கி அழிக்கிறது. ஆதலால் அத்தொற்று உடையவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு உயர்கிறது. முடக்குவாதத்துக்கெனச் சிலருக்கு டியூமர் நெக்ரோசிஸ் காரணியைத் தடுக்கும் மருந்துகள் தரப்பட்டபோது, உறங்கிக் கிடந்த காசம் விழித்தெழுந்ததை 2001இல் மருத்துவ உலகம் அறிந்தது. கிரானுலோமா நிலைத்து நிற்க அக்காரணி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்றாயிற்று. நீரிழிவு கட்டுப்பாடின்றி இருந்தால் விழுங்கு செல்களின் செயலும் டி செல்களின் செயலும் குன்றும். நீரிழிவு உடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது.

காவிரிப் படுகைக்கு நெருக்கமான மற்றொரு காரணமும் ஆராயப்பட்டுள்ளது. கும்பகோணம் பகுதி ஒருகாலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றிருந்தது. அந்நோயைத் தரும் புழுக்கள், தாம் உடலில் நீண்டகாலம் தங்குவதற்காக நோய் எதிர்ப்பாற்றலின் வேகத்தைத் தணித்து வைப்பவை. அப்புழுத்தொற்றும் உறங்குநிலைக் காசத்தொற்றும் ஒருங்கே உடையவர்களின் குருதியைச் சென்னையில் அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். காசக்கிருமியின் புரதத்தை எதிர்கொண்டபோது அவர்களின் டி செல்கள் குறைவாகவே துலங்கின. ஒரு நோய் மற்றொரு நோய்க்கு எதிரான காவலைத் தளர்த்தக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

காவல் தளர்ந்தால் கிரானுலோமாவின் நடுப்பகுதி அழுகி, பாலாடைக் கட்டியைப் போல் மாறும். பின்னர் அது நீர்த்து, மூச்சுக் குழலில் உடைந்து திறக்கும். அவ்விடத்தில் குழி உண்டாகும். கிருமிகள் சளியோடு வெளியேறும். இவ்வழிவை நிகழ்த்துவதில் கிருமிக்கு மட்டுமன்றி, கட்டுமீறிய எதிர்ப்புச் செல்களின் நொதிகளுக்கும் பங்குண்டு. வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற நிலை இது. எதிர்ப்பாற்றல் குறைந்தாலும் தீங்கு. அளவு கடந்தாலும் தீங்கு.

தமிழகம் தந்த விடைகள்

இராமானுஜன் மறைந்து 36 ஆண்டுகள் சென்றபின், 1956இல் அதே சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்று நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் மருத்துவமனைப் படுக்கைகள் மிகக் குறைவு. எனவே மையத்தின் முதல் ஆய்வு, ஓர் எளிய வினாவை எழுப்பியது. மருந்து கிடைத்துவிட்ட பின்னும் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கத்தான் வேண்டுமா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்துகளை உட்கொண்டனர். மருத்துவமனையில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேம்பட்டவையாக இருந்தபோதிலும், ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தே மருத்துவம் பெற்றதால் குடும்பத்தினர்க்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காச மருத்துவத்தின் போக்கை மாற்றியது. நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் மெல்ல மறைந்தது.

அடுத்த பெரிய ஆய்வு தடுப்பூசியைப் பற்றியது. பிரெஞ்சு அறிஞர்களான கால்மெட், கெரின் ஆகியோர் உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பூசி, வலுவிழந்த கிருமியைக் கொண்டு டி செல்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பது. 1921 முதல் அது பயன்பாட்டில் உள்ளது. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் அதன் பயன் ஆராயப்பட்டது. முதியோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. அப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த தீங்கற்ற நுண்ணுயிரிகள் மிகுதி. அவற்றை முன்னரே சந்தித்துப் பழகிய செல்களுக்குத் தடுப்பூசி புதிதாக எதனையும் கற்பிக்கவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. எனினும் குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தை அத்தடுப்பூசி தடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுவது இதனாலேயே.

கரை காத்தல்

காசநோய்க்கான மருந்துகள் இன்று அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மருந்துக்கு இணங்கும் வழக்கமான காசத்துக்கு ஆறு மாதங்கள் மருந்துண்ண வேண்டும். முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடுவதால், பலர் மருந்தை நிறுத்திவிடத் துணிகின்றனர். பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை மருந்து விரைவில் கொன்றுவிடும். செல்களுக்குள் செயலடங்கிக் கிடப்பவற்றை ஒழிக்கவோ நெடுங்காலம் ஆகும். இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் கூடும்.

மருந்தோடு உணவும் செல்களுக்குத் துணைநிற்கிறது. ஊட்டக்குறைவு மிகுந்தால் தைமஸ் சுரப்பி சுருங்கும். டி செல்களின் எண்ணிக்கையும் செயல்திறனும் தாழும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் நடைபெற்ற ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு அரிசியும் பருப்பும் நுண்ணூட்டச் சத்துகளும் வழங்கப்பட்டன. அவ்வாறு உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது, பெறாத குடும்பங்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான முடிவுகள் காட்டின. முப்போகம் விளைந்த மண் என்று போற்றப்படும் காவிரிப் படுகைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வயிறு நிறையச் சோறு மட்டும் போதாது. பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவும் உழைப்பவரின் தட்டை எட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இவ்வுண்மையை மருத்துவமனை வாயிலிலேயே நடைமுறைப்படுத்துகிறது. நோய் உறுதியானவுடன் நோயாளியின் எடையும் உயரமும் மூச்சின் வேகமும் உயிர்வளி அளவும் கணக்கிடப்படுகின்றன. துணையின்றி அவரால் நிற்க முடிகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. மிகவும் மெலிந்தவரும் மூச்சுத் திணறல் உடையவரும் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு உயிர் காக்கப்படுகின்றனர்.

இத்தனை வசதிகள் இருந்தும் நோயை மறைப்போர் இன்னும் உளர். பெண்ணுக்குத் திருமணம் தடைபடும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பர் என்னும் அச்சம் இருமலை மறைக்கச் செய்கிறது. காசநோய் பரம்பரை நோய் அன்று. அது தட்டாலும் குவளையாலும் பரவுவதும் அன்று. மருத்துவம் பெறாத நோயாளியின் இருமலே காற்றின் வழியே அதனைப் பரப்புகிறது. மறைத்தல் நோயாளிக்கும் கேடு. அவர் அருகில் உறங்கும் குழந்தைக்கும் கேடு. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்வது எவருக்கும் இழிவு ஆகாது.

ஏரியும் வாய்க்காலும் தூர்ந்துபோகாமல் ஊரார் கூடிச் சீரமைக்கும் வழக்கத்தைத் தமிழர் குடிமராமத்து என்றனர். கரை உடைந்த வயலுக்கு உரியவரை எவரும் பழிப்பதில்லை. மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு உதவிக்கு ஓடுவர். காசநோய்க்கு ஆளானவரின் உடலுக்குள்ளும் ஒரு கரை தளர்ந்திருக்கிறது. அதனைத் தாங்கிப் பிடிக்கச் செல்கள் இடையறாது உழைத்துக்கொண்டிருக்கின்றன. மருந்தும் உணவும் சுற்றத்தாரின் பரிவும் உரிய காலத்தில் கிடைத்தால், அக்கரையை மீண்டும் உறுதிப்படுத்த இயலும்.

கற்பவை கற்றபின்…

1. பெருவிழுங்கு செல், கிளைச்செல், டி செல் ஆகிய மூன்றின் பணிகளையும் உரையாடல் வடிவில் எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

2. 'கரை காத்தல்' என்னும் ஒப்புமை காசநோய்க்கு எவ்வெவ்விடங்களில் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

3. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, காசநோய்க்கான சோதனை, மருந்து, ஊட்ட உதவி ஆகியவற்றைப் பெறும் முறையை அறிந்து, ஊர்மக்களுக்கான துண்டறிக்கை ஒன்று அணியமாக்குக.